அடிக்கஞ்சி

எங்கள் கரைப்பள்ளிவாசல் கஞ்சிக்கு நீதி வந்தது வெள்ளைக்காரன் உடுப்புத் தோய்த்த கொப்பரையில். சிரிக்க வேண்டாம். ஊர் கூடி நின்று அப்படித்தான் சொன்னது.

அதற்கு முந்தி நோன்புக் கஞ்சி கிடாரத்தில் வெந்து அகப்பையில் வந்துகொண்டிருந்தது. அகப்பை அப்துல் மஜீத் காக்காவின் கையில். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். மனுசனுக்குக் கண் கொஞ்சம் மங்கல். ஆனால் எந்த ஏனம் எந்த வீட்டு ஏனம் என்பது மட்டும் துலக்கமாகத் தெரியும். கடைத்தெரு வீடுகளின் ஏனம் வந்தால் அகப்பை அடிவரை இறங்கிச் சோறும் இறைச்சியுமாக ஏறி வரும். கரையோரத்துத் தோணிக்காரர் வீட்டு ஏனம் வந்தால் மேலால் ஒரு தடவு தடவிவிட்டு வந்துவிடும். நோன்பு வைத்த வாயால் திட்டக்கூடாது என்று அடக்கிக்கொண்டு நின்றவர்கள் பெருநாள் கழிந்த கையோடு சேர்த்துவைத்துத் திட்டினார்கள்.

ஸெய்னுதீன் மரைக்கார் அதற்கு ஒரு வழி கண்டார். பள்ளி நிர்வாகத்துக்குத் தலைமை மரைக்கார் அவர்தான். கிண்ணியாவுக்குப் போகிற மிதவை கட்டும் துறையடியில் விறகு வாடி வைத்திருந்தார். நேவிக்காரர் திருகோணமலையை விட்டுப் போன பிறகு கப்பல் திருத்துகிற டொக்யாட் கொட்டில்களில் துருப்பிடித்துக் கிடந்த சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அங்கே போய் அவர்கள் உடுப்புத் தோய்த்த ஒரு இரும்புக் கொப்பரையை எடுத்து, வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்து பள்ளி வளவில் இறக்கினார். ஆள் நெஞ்சு உயரம். மேலே குறுக்கே ஒரு சட்டம், அதில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே தண்டும் அதில் பொருத்திய இரண்டு துடுப்புகளும் சுழலும். பக்கத்தில் ஒரு பித்தளைப் பைப். உள்பக்கம் புதிதாக ஈயம் பூசி, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஆற்றங்கரைச் செங்கல் அடுக்கி அடுப்புக் கட்டி அதில் தூக்கி வைத்தார்கள்.

"அகப்பைக்கு ஆள் தெரியும். பைப்புக்கு ஆள் தெரியாது" என்றார் மரைக்கார். "இனி ஆரும் ஆரையும் குறை சொல்ல ஏலாது. எல்லா ஏனத்துக்கும் ஒரே பைப்."

ஊர் வாயைப் பிளந்தது. நல்ல கதை, மறுக்க முடியாத கதை. அந்தப் பைப் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருந்தது. உடுப்பில் கழன்ற மண்ணும் அழுக்கும் அடியில் தங்க, தண்ணீர் மட்டும் வெளியே போகட்டும் என்று செய்த பைப் அது. அடியில் கிடப்பதை வெளியே விடாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. கஞ்சியில் அடியில் கிடப்பது என்ன என்று கேட்க அன்றைக்கு ஒரு நாதியும் இருக்கவில்லை.

கேட்கத் தேவையும் இருக்கவில்லை, உண்மையைச் சொல்வதானால். நல்ல விளைச்சல் காலம். அரிசி கொட்டிக் கிடந்தது. கஞ்சி கட்டியாக, அகப்பை நட்டால் நிற்கிற மாதிரி இருக்கும். கட்டிக் கஞ்சியில் சோறு நின்ற இடத்திலேயே நிற்கும், எந்தப் பைப்பில் விட்டாலும் ஒரே கஞ்சிதான் வரும். இன்னொரு வழமையும் கிடாரத்தோடு போகாமல் கொப்பரைக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. அடி, கிண்டினவனுக்கு. அந்தக் காலத்து அடி என்றால் ஒரு கை கருகல். பூனையும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது?

பிறகு எழுபத்துநாலாம் ஆண்டு வந்தது.

அரிசியைக் கண்ணால் காணக் கிடைக்காத வருசம். ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோனால் குற்றம் என்று துறையடியில் பொலிஸ் நின்று பெண்களின் சீலைத் தலைப்பைக்கூட அவிழ்க்கச் சொன்னது. பாண் ரொட்டிக்கு விடியமுன் வரிசை. மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று பிள்ளைகளின் வயிறு ஊதிப்போயிருந்தது. கச்சான் காற்று புரட்டாதி வந்தும் அடங்காமல் வெந்த மணலை அள்ளி முகத்தில் எறிந்தது. துறைமுகத்தில் கோதுமை மாக் கப்பலை எதிர்பார்த்து எதிர்பார்த்து, மூட்டை சுமக்கிறவர்கள் வீட்டில் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் அன்ஸார்.

அன்ஸாருக்கு நல்ல தோள். நாலு பிள்ளைகள். மனைவி பரீதா தன் சீதன வீட்டில், கரையோர ஒழுங்கையில் இருந்தாள். அன்ஸாரின் தங்கச்சி றஹ்மா அடுத்த வளவு. நோன்பு பிறை காண முந்தின கிழமை மரைக்கார் அன்ஸாரைக் கூப்பிட்டனுப்பினார்.

"மனே, இந்த முற கொப்பர கிண்ட நீ வா. கூலி எண்டு பள்ளியால குடுக்க ஏலாது, நிலம உனக்குத் தெரியும். ஆனா அடி உனக்கு. அது வழமதானே."

அன்ஸார் சந்தோசத்தோடு போனான். வேலை என்று ஒன்று கிடைத்ததே.

அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். நடுப்பகல் லுஹர் தொழுததும் அடுப்பை மூட்ட வேண்டும். பிடியரிசியைக் கழுவி, கல் பொறுக்கிப் போட வேண்டும். பிடியரிசி என்பது எங்கள் பெண்களின் கணக்கு: உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துப் பள்ளிக்கென்று தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். கரையோர ஒழுங்கையில் அதை வீடு வீடாகப் போய்ச் சேர்ப்பவள் பரீதாதான். அந்த வருசம் பிடியும் சுருங்கி, மூன்று விரலால் கிள்ளுகிற அளவுக்கு வந்திருந்தது. ஆனாலும் போட்டார்கள். தங்கள் உலையில் கிழங்கு வெந்த நாளிலும் போட்டார்கள்.

இஞ்சி, உள்ளி, வெந்தயம், றம்பை இலை, பள்ளிக்கு நேர்ந்து விட்ட ஆட்டின் இறைச்சி கொஞ்சம், கடைசியில் தேங்காய்ப்பால். எல்லாம் விழுந்த பிறகு கைப்பிடி. ஒரே பக்கமாகச் சுற்றினால் கஞ்சி முழுதும் துடுப்போடு சேர்ந்து சுழலும், சோறு நடு அடியில் கும்பியாகக் குவிந்து கிடந்து பிடிக்கும். முன்னுக்கும் பின்னுக்குமாக மாற்றி மாற்றித் திருப்பினால்தான் கிடப்பது எழும்பும். அப்படித் திருப்பினால் தோள் மூட்டுக் கழன்றுவிடும் போல நோகும். நோன்பாளி, வெயில், அடுப்பு அனல், தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பின்னேர அஸர் தொழுகை முடியும்வரை அன்ஸார் அதைச் செய்தான்.

அஸர் முடிந்ததும் மரைக்கார் வந்து நிற்பார். "சரி, நிப்பாட்டு. பைப்பத் திற."

"கிண்டிக்கிட்டே விடட்டா மரைக்கார்?"

"விசரா உனக்கு? கிண்டினா இறைச்சித் துண்டு வந்து பைப்பில அடைக்கும். ஆறி நிக்கட்டும். அப்பதான் ஒழுங்கா வரும்."

ஒழுங்காகத்தான் வந்தது. வெள்ளையாக, மணமாக, தண்ணீராக. வளவில் வரிசையாக வைத்த ஏனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர். கடைத்தெரு வீட்டுக்கும் அதே, கரை வீட்டுக்கும் அதே. பைப்புக்கு ஆள் தெரியவில்லை, பார்த்தீர்களா. கடைசி ஏனமும் போனபிறகு பைப்புக்குக் கீழே நாலு விரல் கனத்துக்குச் சோறும் இறைச்சியும் இறுகிக் கிடந்தன. அதுதான் அந்த வருசத்து அடி.

அதிலும் பாதிக்கு மேல் மரைக்கார் வீட்டுக்கு. கடைசி ஏனமும் போய், நோன்பு திறக்க எல்லாரும் உள்ளே போனதும் அவருடைய வாடியில் வேலை செய்யும் ஸஹாப்தீன், மூடி போட்ட பெரிய செம்பு ஏனத்தைப் பின்வளவால் கொண்டுவருவான். "கொப்பர அவரடதானே, அதுக்கொரு பங்கு" என்று முதல் நாளே அன்ஸாரிடம் சொல்லிவைத்தான். மிச்சம் அன்ஸாருக்கு. பிள்ளைகள் வயிறு நிறையத் தின்றார்கள். பரீதா அல்லாஹ்வைப் புகழ்ந்துகொண்டு பரிமாறினாள். அடி என்றால் அடி, அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. பசித்த வீட்டில் சோறு வந்தால் அது வந்த வழியை யார் கேட்கிறார்கள்?

நோன்பு ஒரு பத்துக் கழிந்திருக்கும். அன்றைக்கு அந்தி மஃரிபு தொழுகை முடிந்து அன்ஸார் வந்து சாய்ந்திருந்தான். றஹ்மா வேலிக் கடப்பால் வந்தாள். அவள் புருசன் சரீப் ஈச்சிலம்பற்றுப் பக்கம் மாடு பார்க்கப் போனவன், இரண்டு மாதமாக ஒரு செய்தியும் இல்லை. இடுப்பில் கைப்பிள்ளை.

"மச்சி, ஒரு சொட்டு உப்புத் தாங்க."

பரீதா உப்புச் சிரட்டையை எடுக்கத் திரும்பினாள். றஹ்மாவின் கண் பிள்ளைகளின் கோப்பைகளில் விழுந்தது.

"இதெங்கால மச்சி?"

"பள்ளிக் கஞ்சிதான். வேற எங்கால வரப்போகுது?"

"பள்ளிக் கஞ்சியா?" றஹ்மா விறுவிறென்று திரும்பிப் போனாள். தன் ஏனத்தைத் தூக்கிக்கொண்டு வந்து விளக்கடியில் வைத்தாள். "இதுதான் பள்ளிக் கஞ்சி. கைய விட்டுத் துழாவிப் பாருங்க. உள்ளுக்க ஒரு பிடி சோறு ஆம்பிட்டா நான் என்ட பேர மாத்தி வெக்கன்."

பரீதா துழாவவில்லை. பார்த்தாலே தெரிந்தது. ஏனத்தின் அடி தெரிந்தது.

"அது… கிண்டினவருக்கு அடி, புள்ள. எப்பவும் உள்ள வழமதானே."

"அடியா? எங்கட வாப்பாவும் கிடாரம் கிண்டினவர்தான் மச்சி. அடி எப்பிடி இரிக்கும் எண்டு எனக்குச் சொல்லித் தாறயளா? கரி. நாங்க சுரண்டித் திண்ட கரி. இது அடியில்ல, இது சோறு. ஊரோட சோறு. நானும் கிள்ளிப் போட்ட சோறு. உங்கட கையாலதான் வாங்கிக்கிட்டுப் போனயள்!"

"றஹ்மா, வாய அளந்து பேசு" என்றான் அன்ஸார்.

"என்னத்த அளக்கிற காக்கா? அளக்க என்ன கிடக்கு என்ட வீட்டில? பால் இல்ல எனக்கு. இவன் சப்பிச் சப்பிப்போட்டுக் கத்துறான். பள்ளிக் கஞ்சி குடிச்சாப் பால் ஊறும் எண்டு நான் நோன்பு திறந்து அந்தத் தண்ணிய மடக்கு மடக்கா விழுங்குறன். நீங்க இஞ்சால இருந்து வழிச்சுத் தின்னுறயள். கன்னம் வெச்சு எடுத்தாத்தான் களவா?"

உப்பை வாங்காமலே போனாள்.

பிள்ளைகள் கையை எடுத்துவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தார்கள். "தின்னுங்க" என்றாள் பரீதா. குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. அவர்கள் தின்று முடித்துப் படுத்த பிறகுதான் புருசன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்க. இது எல்லாருக்கும் தெரிஞ்சுதான் நடக்குதா?"

"என்னத்த தெரிய? பைப்பில வாறது வருகுது. கிடக்கிறது கிடக்கு. நானா அமத்தி வெச்சன்?"

"நீங்க கிண்டிக்கிட்டே இரிந்தா அது கிடக்குமா?"

அன்ஸார் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டான்.

"கேக்கிறன், சொல்லுங்க. கிடக்குமா?"

"கிடக்காது" என்றான். "அவர் நிப்பாட்டச் சொல்றார், நான் நிப்பாட்டுறன். முழுசா நமக்கா வருகுது? முக்காவாசி மரைக்கார் வீட்டு ஏனத்தில போகுது. நான் கிண்டிக்கிட்டே விட்டா அவருக்கும் இல்ல, நமக்கும் இல்ல. நாளைக்கு வேற ஒருத்தன் கைப்பிடியில நிப்பான். நாலு புள்ளையும் என்ட மூஞ்சியையா திங்கிற? கப்பல் வந்தா நானேன் அங்க போறன்? நீயே சொல்லு, நான் என்ன செய்ய?"

பரீதாவுக்கு அவன்மேல் வந்த கோபம் அந்தக் கேள்வியில் பாதி இறங்கிவிட்டது. மிச்சப் பாதி மரைக்கார் வீட்டு வாசலில் போய் நின்றது. மறுநாள் வந்த அடியில் ஒரு பங்கை அள்ளி வேலிக்கு மேலால் நீட்டினாள். றஹ்மா வாங்கவில்லை. "களவுச் சோத்தில என்ட புள்ளைக்குப் பால் வேணாம்" என்று உள்ளிருந்தே சொன்னாள்.

கதை ஒழுங்கையில் பரவ எவ்வளவு நேரம் வேண்டும்? அன்ஸார் கொப்பரையில் களவெடுக்கிறானாம். சாக்குக்குள் கட்டிக்கொண்டு போகிறானாம். ஒருத்தி கண்ணால் கண்டதாகவே சொன்னாள். செம்பு ஏனத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அது மூடி போட்ட ஏனம், மரைக்கார் வீட்டு ஏனம். எங்கள் ஊருக்கு அப்படியொரு நல்ல பழக்கம்: கள்ளனைத் தேடினால் எப்போதும் கையில் தழும்புள்ளவன் வீட்டுக்குத்தான் முதலில் போகும்.

வியாழக்கிழமை பரீதா வழக்கம்போல் பிடியரிசி சேர்க்கும் ஓலைக் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். இரண்டு வீட்டில் "இல்ல" என்றார்கள். இல்லாமலும் இருக்கலாம். மூன்றாவது, தோணிக்காரர் வீட்டுப் பரீனா, பானையைக் கையில் வைத்துக்கொண்டே படலையில் நின்றாள். பானைக்குள் அரிசி இருந்தது.

"எங்க கொண்டுபோற, பள்ளிக்கா, உன்ட வீட்டுக்கா?"

"என்ன கத ராத்தா இது?"

"ஊர்க் கதைதான். என்ட புள்ளையள் கிழங்கு திண்டு பேதியாகிக் கிடக்கு. அப்பிடியும் கிள்ளிப் போட்டு வெச்சிரிக்கன். அது அன்ஸார்ட குடும்பத்துக்கா? பள்ளிக்கெண்டா நானே கொண்டுபோய்க் குடுப்பன். உன்ட கையில தரமாட்டன்."

மூடியைப் போட்டு மூடினாள். அந்தச் சத்தம் பரீதாவின் காதில் அறைந்த மாதிரி விழுந்தது. வெறுங்கடகத்தோடு ஒழுங்கை முழுக்க நடந்து திரும்பினாள். இத்தனை வருசம் அந்தக் கடகத்தில் இருந்து ஒரு மணி கீழே விழுந்தாலும் குனிந்து பொறுக்கிப் போட்டவள் அவள். வீட்டுக்கு வந்து கடகத்தை எறிந்துவிட்டுச் சொன்னாள்:

"மரைக்காரிட்டப் போங்க. போய், செம்பு ஏனத்தின்ட கதைய அவரே ஊருக்குச் சொல்லட்டும் எண்டு கேளுங்க. அடி எனக்கு வேணாம். கிழங்கு அவிச்சுத் தாறன். உங்கட பேர் வேணும் எனக்கு. கள்ளன்ட பொண்டாட்டி எண்டு இந்தக் கடகத்தத் தூக்க என்னால ஏலாது."

அன்ஸார் போனான். மரைக்கார் விறகு வாடியில் கதிரை போட்டு இருந்தார். தேன் மாதிரிப் பேசுவார் மனுசன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"வா மனே, இரி. கேள்விப்பட்டன், கேள்விப்பட்டன். ஊர் வாய்க்குப் பூட்டா போடுறது?"

"மரைக்கார், உங்கட வீட்டுக்கும் பங்கு போறத ஒரு சொல்லுச் சொல்லிருங்க. கிண்டாம நிப்பாட்டுறதும் நீங்க சொல்லித்தான் எண்டு. அதுமட்டும் போதும். நான் களவெடுக்கல்ல."

"ஆரு சொன்ன நீ களவெடுத்த எண்டு? வழம அது. ஆனா ஒண்டு, என்ட வீட்டுக்குப் போறது ஏழ எளியதுக்குக் குடுக்கத்தான். அத வெளியில சொன்னாப் பெருமையாப் போயிரும், நன்மை இல்லாமப் போயிரும். விளங்குதா?"

"எந்த ஏழைக்கு மரைக்கார்?" அவனை அறியாமல் வந்துவிட்டது. "என்ட தங்கச்சியவிட ஏழ இந்தக் கரையில ஆரு?"

மரைக்கார் கதிரையை விட்டு எழும்பினார். பிறகு சிரித்தார்.

"நீ வாய மூடிக்கிட்டுப் போ. ஜமாஅத்துக்குச் சொல்றத நான் சொல்லிக்குவன்."

சொன்னார். மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, தொழுவித்த லெவ்வை நகர்ந்ததும் எழுந்து நின்று சொன்னார். கஞ்சி விசயத்தில் சில முறைகேடுகள் காதுக்கு எட்டியிருப்பதாகச் சொன்னார். ஏழைகளின் உணவில் கைவைக்கிறவனை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்றார். பள்ளியின் மானத்தைக் காப்பாற்ற வேண்டியது தன் கடமை என்றார். ஆகையால் நாளையிலிருந்து கொப்பரைக்கு வேறு ஆள். இன்றைக்கு மட்டும், வேறு ஆள் பிடிக்க நேரமில்லாதபடியால், அன்ஸாரே நிற்கட்டும்.

பேர் சொல்லிச் சொன்னார். முதுகுகள் எல்லாம் திரும்பின. அவன் பின்சப்பில், கடைசி வரிசையில் இருந்தான். வயிற்றெரிச்சல் என்றால் இதுதான். தின்றவன் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறான், கிண்டினவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறான். ஊர் "ஆமீன்" என்கிறது.

அன்ஸார் நேரே அடுப்படிக்குப் போனான். கழுவினான், போட்டான், கிண்டினான். அஸர் முடிந்தது. வளவு நிறைந்தது. பெண்கள் வளவுக்குள் வரமாட்டார்கள், பின்படலைக்கு வெளியே பூவரசுக்குக் கீழே நிற்பார்கள், ஏனங்களை மட்டும் ஆண்கள் வாங்கி வரிசையில் வைப்பார்கள். பரீதாவும் அங்கே நின்றாள், நோன்பு தொடங்கியதிலிருந்து வராதவள், கையில் ஒரு வெறும் ஏனத்தோடு. மற்றப் பெண்கள் அவளிடமிருந்து ஒரு முழம் தள்ளி நின்றார்கள்.

"சரி, நிப்பாட்டு" என்றார் மரைக்கார். "பைப்பத் திறங்க."

அப்துல் மஜீத் காக்கா பைப்பைத் திறந்தார். கைப்பிடி நிற்கவில்லை.

"நிப்பாட்டு எண்டன்."

அன்ஸார் முன்னுக்கும் பின்னுக்குமாகத் திருப்பிக்கொண்டே இருந்தான். கொப்பரை முனகியது. பைப்பில் வந்தது ஒரு தரம் கக்கிவிட்டு நின்றது. உள்ளே இறைச்சி அடைத்துக்கொண்டது.

"பாத்தயளா!" என்றார் மரைக்கார் எல்லாரையும் பார்த்து. "நான் சொன்னனான்தானே? அடைச்சுப்போட்டான். போற நாளையில வேணுமெண்டு செய்யிறான்."

"அப்துல் மஜீத் காக்கா, ஈர்க்கால குத்துங்க" என்றான் அன்ஸார். அன்றைக்கு அவன் வாயில் வந்த முதல் சொல் அது.

கிழவர் மரைக்காரைப் பார்த்தார், அன்ஸாரைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு தென்னீர்க்கை எடுத்துப் பைப்புக்குள் விட்டுக் குத்தினார். ஒரு துண்டு இறைச்சி தெறித்து விழுந்தது. அதன் பின்னால் சோறு வந்தது. தண்ணீரோடு கலந்து, சலசலவென்று இல்லாமல், தொப்தொப்பென்று ஏனத்தில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அடைத்தது, குத்தினார், வந்தது. மறுபடி அடைத்தது, மறுபடி குத்தினார். அவ்வளவுதான் அந்த அடைப்பின் பெரிய கதை. ஒரு ஈர்க்குக் கதை.

ஏனங்கள் பின்படலைக்குப் போகத் தொடங்கின. முதலில் வாங்கிய பெண் உள்ளே பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணிடம் காட்டினாள். பிறகு எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கட்டிக் கஞ்சி ஒன்றும் இல்லை அது, அந்த வருசத்து அரிசிக்கு அவ்வளவுதான் வரும். ஆனாலும் சோறு இருந்தது. ஒவ்வொன்றிலும் இருந்தது. றஹ்மாவின் ஏனத்திலும் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தூக்கத் தோன்றவில்லை.

வரிசை முடிகிற நேரம். அன்ஸாரின் உள்ளங்கைத் தோல் உரிந்து கைப்பிடியில் ஒட்டியிருந்தது. அடைத்து அடைத்து வரிசை பிந்திப்போனது தெரியாத ஸஹாப்தீன் தன் நேரத்துக்குப் பின்வளவால் வந்தான். கையில் மூடி போட்ட செம்பு ஏனம். இத்தனை பேரைக் கண்டதும் மூலையிலேயே நின்றுவிட்டான்.

பரீதா படலையைத் தள்ளிக்கொண்டு வளவுக்குள் வந்தாள். எங்கள் ஊரில் அது நடக்கிற காரியம் இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், குரலை இழுக்கவில்லை.

"ஏன் நிக்கிறயள் ஸஹாப்தீன் தம்பி? தினமும் கொண்டாற ஏனம்தானே? வாங்க. வந்து எல்லாரட ஏனத்துக்குப் பின்னால வையுங்க. அதுக்குப் பின்னால நான் என்டத வெக்கன்."

எல்லாக் கண்ணும் அந்தச் செம்பு ஏனத்தில். அது மாமிமார் கலியாண வீடுகளில் கண்டு கண்டு பழகிய ஏனம், யாருடையது என்று ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பொம்புள எல்லாம் பள்ளி வளவுக்க வந்து கத்துற காலமாப் போச்சு" என்றார் மரைக்கார். தேன் வற்றியிருந்தது. "அன்ஸார், உன்ட பொண்டாட்டிய வெளிய அனுப்பு."

"அவ சொன்னது பொய்யெண்டாச் சொல்லுங்க மரைக்கார், அனுப்புறன்" என்றான் அன்ஸார். கைப்பிடியை அப்போதுதான் விட்டான். "தம்பி ஸஹாப்தீன், நீ நோன்பாளி. சொல்லு. இந்த ஏனம் எத்தின நாளா வருகுது?"

ஸஹாப்தீன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பிற கண்ட நாளையிலருந்து."

"கொப்பர என்ட!" என்று கத்தினார் மரைக்கார். "என்ட காசில ஏலத்தில எடுத்துக் கொண்டுவந்து போட்டது. அதுக்கு எனக்கொரு பங்கு இல்லயா? கேக்கிறன் ஊர!"

பரீதா சொன்னாள்.

"கொப்பர உங்கட. அரிசி எங்கட."

மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. எல்லாரும் பேரீச்சம்பழத்துக்கும் தண்ணீருக்கும் கையை நீட்டினார்கள். மரைக்கார் உள்ளே போனார், பின்னால் வழக்கம்போல் ஆட்கள் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். யாரும் அன்ஸாரைக் கட்டிப்பிடிக்கவில்லை. யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. பரீதாவின் ஏனத்துக்குக் கடைசியாக இரண்டு அகப்பை அளவு வந்தது. அதில் சோறு எல்லாருக்கும் வந்த அளவுதான். வீட்டில் பிள்ளைகள் ஏனத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அடி எங்க உம்மா?" என்று கேட்டார்கள். அவள் கிழங்கு அவித்துக் கொடுத்தாள்.

மறுநாள் மரைக்காரின் மாட்டுவண்டி வந்து கொப்பரையை ஏற்றிக்கொண்டு போயிற்று. பொருள் அவருடையதுதானே, கொண்டுபோகட்டும். பள்ளிப் பின்னறையில் கிடந்த பழைய கிடாரத்தை இழுத்து வெளியே போட்டார்கள். அகப்பை மறுபடி அப்துல் மஜீத் காக்காவின் கைக்கு வந்தது. இந்த முறை அவர் ஒவ்வொரு ஏனத்துக்கும் அடிவரை விட்டுக் கலக்கித்தான் அள்ளினார். அத்தனை கண் பார்த்துக்கொண்டிருந்தால் யார்தான் கலக்கமாட்டார்கள்? வேறு ஆள் என்று சொன்ன அந்த வேறு ஆள் வரவேயில்லை. கிண்ட ஆளில்லாமல் அரிசி பிடிக்கத் தொடங்கியபோது அன்ஸாரே போய்த் துடுப்பை எடுத்தான். அடியில் ஒரு கை கருகல் வந்தது. அதை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனான். றஹ்மா வேலிக் கடப்பால் வந்து, தன் ஏனத்தில் இருந்த கஞ்சியில் பாதியைப் பிள்ளைகளின் கோப்பையில் ஊற்றிவிட்டு, கருகலில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த வியாழன் பரீதா கடகத்தைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினாள். முதல் இரண்டு வீட்டிலும் போட்டார்கள், முகத்தைப் பார்க்காமல் போட்டார்கள். அவளும் வாங்கிக்கொண்டு நடந்தாள். மூன்றாவது படலையில் பரீனா பானையோடு காத்து நின்றாள். மூடியைத் திறந்து, ஒரு பிடிக்கு இரண்டு பிடியாக அள்ளிக்கொண்டு கையை நீட்டினாள்.

பரீதா கடகத்தின் வாயைத் தன் கையால் மூடினாள்.

"என்ன புள்ள? போடுறன், கைய எடு."

"அண்டைக்கு இந்தப் படலையில நிண்டுதான் சொன்னயள். ஒழுங்க முழுக்கக் கேட்டுது. அத இண்டைக்குத் திருப்பிச் சொல்லிப்போட்டுப் போடுங்க ராத்தா."

பரீனா இருபக்கமும் பார்த்தாள். இரண்டு வளவிலும் பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். கைக்குள் அரிசி வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அன்ஸார் கள்ளனில்ல" என்றாள் மெல்ல.

பரீதா கையை எடுக்கவில்லை.

"எனக்குக் கேட்டுது ராத்தா. துறையடி விறகு வாடிக்குக் கேக்கட்டும்."